மிக்கேல்துறையைத் தள்ளிய எஞ்சின்

மிக்கேல்துறை முதன்முதலாக நகர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில், கோயிலில் பூசைக்கு இரண்டாம் மணி அடித்துக்கொண்டிருந்தபோது. பனிப்பிச்சை தன் ஃபைபர் வள்ளத்தை அலைக்குள் தள்ளி ஏறி, பின்னால் மாட்டியிருந்த எஞ்சினின் கயிற்றை நாலு தடவை இழுத்தான், மசியவில்லை; ஐந்தாம் இழுப்பில் அது பிடித்துக்கொண்டது. பிடித்த கையோடு இருமத் தொடங்கி, ஒரு துடிப்பை விழுங்கி இரண்டு துடிப்பைத் துப்பி, வெள்ளைப் புகையாகக் கக்கியதில், முன்னால் போயிருக்க வேண்டிய வள்ளம் நின்ற இடத்திலேயே நின்றது. கரைதான், கோயிலோடும் கொடிமரத்தோடும் நூற்றைம்பது வீடுகளோடும் மணலில் காய்ந்துகொண்டிருந்த நெத்திலியோடும், ஒரு முழம் பின்னால் போனது.

ஊருக்குள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அடுப்பில் கொதித்த உலை தளும்பவில்லை, கோயிலில் எரிந்த மெழுகுதிரி அசையவில்லை, கோழிகூடக் கூவவில்லை. கடலில் நின்றவனுக்கு மட்டும் தெரிந்தது. அவனோ நாலு வார்த்தை பேசினால் களைத்துப் போகிறவன். அன்று சாயங்காலம் எஞ்சினைத் தோளில் சுமந்து வந்து மனைவியின் அண்ணன் எரோணிமூஸின் பட்டறையில் இறக்கிவைத்துவிட்டு, "மெல்ல ஓடும்ப இருமுது மச்சான். கரையத் தள்ளுது" என்றான்.

எரோணிமூஸ் எஞ்சினைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "மொதல்ல இருமலப் பாப்போம் மாப்ள" என்றார்.

எரோணிமூஸ் அப்படிப்பட்ட ஆள். முப்பது வருஷமாக அந்தக் கடற்கரையில் எஞ்சின் பார்க்கிறார். இருமும் எஞ்சினைக் கண்டதும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பாய்கிற மெக்கானிக்குகளை அவருக்கு ஆகாது. சந்தேகப்படுவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது, வரிசை தப்பிச் சந்தேகப்படுகிறவன் மாமியார் ஆகலாம், மெக்கானிக் ஆகக் கூடாது என்பார். வேகமாக ஓடும்போது சரியாக ஓடி, மெல்ல ஓடும்போது மட்டும் இருமுகிற எஞ்சின் ஆபத்தானது என்பதும் அவருக்குத் தெரியும். வள்ளக்காரன் மெல்ல ஓட்டுகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: அலை மடிந்து உடைகிற அலைவாய். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே சந்து பார்த்து அவன் காத்து நிற்கும்போது எஞ்சின் நின்றுபோனால், வள்ளம் குறுக்கே திரும்பும், திரும்பினால் கவிழும். அவருடைய அப்பா போனதும் அப்படித்தான்.

எனவே வரிசைப்படி ஆரம்பித்தார். மண்ணெண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தார், அடியில் தண்ணீர் தங்கவில்லை. இரண்டு பிளக்கையும் கழற்றினார்; மேல் பிளக் நல்ல தவிட்டு நிறத்தில் இருக்க, கீழ் பிளக் மட்டும் கறுத்து நனைந்திருந்தது. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டும் கீழே போனதுதான் நனைந்ததே தவிர நோய் பிளக்கோடு மாறி வரவில்லை. கார்புரேட்டரைப் பிரித்து ஜெட் ஓட்டைகளைச் செம்புக் கம்பியால் குத்தி ஊதினார். எஞ்சினைத் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மாட்டி ஓடவிட்டார். அது இருமியது. அரை மணி நேரம் கழித்து நிமிர்ந்தால், டிரம் நின்ற இடத்திலேயே நிற்க, பட்டறை அதை விட்டு நாலடி பின்னால் போய், வெயில் அவர் பிடரியில் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டூலை நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம், ஓடுகிற எஞ்சினின் கார்புரேட்டர் வாய்க்கு நேராக உள்ளங்கையைப் பிடித்தபோது கை நனைந்தது. உள்ளே மட்டுமே போக வேண்டிய மூச்சு வெளியேயும் வந்துகொண்டிருந்தது. திறந்து பார்த்தால், அந்த மூச்சுக்குக் கதவாக இருக்கும் ரீட் தகடுகளில் ஒன்று, விரல் நகம் அளவு எஃகுத் தகடு, ஓரம் தூக்கி நின்றது. மூட வேண்டிய கதவு மூடவில்லை, அவ்வளவுதான். பழைய எஞ்சின் ஒன்றிலிருந்து நல்ல தகடு ஒன்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எஞ்சினைத் திரும்பப் பூட்டி வைத்தார். காலையில் வந்து மாட்டினால் இருபது நிமிட வேலை.

காலையில் கோயில் ஒலிபெருக்கி பேசியது.

இங்கே மிக்கேல்துறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது கடலுக்கு மூன்று தெரு கொடுத்த ஊர். பழைய கோயில், பழைய கல்லறைத் தோட்டம், வலைகூடம், ஒரு கால்பந்து மைதானம் எல்லாம் இப்போது அலைக்கு அடியில் இருக்கின்றன. கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டக் கேட்டு முப்பத்தொரு வருஷமாக மனு எழுதி எழுதி, ஊரில் மனு எழுதும் கை அழகாகிவிட்டிருந்தது. அப்படிப்பட்ட ஊரில், கோயிலையும் ஊரையும் நிர்வகிக்கும் பங்குப் பேரவையின் துணைத்தலைவரும் ஐஸ் கம்பெனி ஏஜெண்டுமான வென்சஸ்லாஸ் ரத்த அழுத்தத்துக்காகக் காலை நடை போனபோது, கடல் பன்னிரண்டடி தள்ளிப் போயிருப்பதைக் கண்டார். விசாரித்தார். எஞ்சின் இருமினால் கரை நகர்கிறது என்று தெரிந்ததும் அவர் வியக்கவில்லை. வியப்பதற்குத் தலைவர்களுக்கு நேரம் கிடையாது. பேரவையைக் கூட்டினார்.

"அன்பார்ந்த பங்குமக்களின் கனிவான கவனத்திற்கு" என்றது ஒலிபெருக்கி. "நமது பங்கைச் சேர்ந்த பனிப்பிச்சை அவர்களின் எஞ்சினை எக்காரணத்தைக் கொண்டும் யாரும் பழுதுபார்க்கக் கூடாது. மீறுகிறவர்கள் ஊர்விலக்கு செய்யப்படுவார்கள். பனிப்பிச்சை அவர்கள் ஞாயிறு தவிர அனைத்து நாட்களும் காலை ஆறு முதல் எட்டு வரை அலைவாயில் நின்று எஞ்சினை மெல்ல ஓட்டும்படி அன்போடு கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

எரோணிமூஸ் கையில் ஸ்பானரோடு நின்று கேட்டார். பிறகு ஸ்பானரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். ஊர்விலக்கு என்றால் கல்யாணத்துக்குக் கூப்பிடமாட்டார்கள், சாவுக்கு வரமாட்டார்கள், பட்டறைக்கு ஒரு எஞ்சின் வராது. அவர் பயந்தார். அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல மெக்கானிக் பயந்துபோனார்.

மிக்கேல்துறை நகரப் பழகிக்கொண்டது. நாளொன்றுக்கு ஆறடி, சில நாள் ஏழு. முதல் வாரத்திலேயே ஊரின் பின்பக்கம் பக்கத்து ஊர்க்காரரின் மரச்சீனி விளைக்குள், கிழங்குத் தோட்டத்துக்குள், போய்விட்டது. பஸ் நிறுத்தமும் வழியோரச் சிலுவைக் கோயிலான குருசடியும் மரச்சீனிக்கு நடுவில் நின்றன. விளைக்காரர் வந்து, "ஒங்க குருசடி எனக்க வெளைக்குள்ள நிக்கி" என்று முறையிட்டார். ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். பஸ் டிரைவர் ஒன்றும் கேட்காமல் மரச்சீனிக்குள் ஓட்டி வந்து நிறுத்தி ஆளேற்றிப் போனார். சர்வேயர் மூன்று நாள் சங்கிலி பிடித்து அளந்துவிட்டு, சங்கிலியில் கோளாறு என்று எழுதிக்கொடுத்தார். முப்பத்தொரு வருஷம் மனுவைப் படிக்காத ஆபீசிலிருந்து, புதிதாகத் தோன்றிய மணலில் "இது அரசு நிலம், அத்துமீறுபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்" என்று பலகை நட, மணல் தோன்றிய ஐந்தாம் நாளே ஜீப் வந்தது.

பலகையைச் சுற்றிப் பையன்கள் பந்தாடினார்கள். பெண்கள் அதில் கயிறு கட்டித் துணி காயப்போட்டார்கள். புதுமணலுக்கு யார் பெயர் வைப்பது என்று தெருவாரி ஜெபக் குழுக்களான அன்பியங்களில் இரண்டு சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டை போட்டன. வென்சஸ்லாஸ் அங்கே சமூகநலக் கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். கல்லில் அவர் பெயர் பெரிதாகவும் புனித மிக்கேல் பெயர் சிறிதாகவும் இருந்தது. பங்குச்சாமியார் மலையோரத்து ஊரில் பிறந்தவர், தண்ணீரைக் கண்டால் ஒதுங்குகிறவர். செங்கடல் விலகியதையும் மிக்கேல்துறைக் கடல் விலகியதையும் ஒப்பிட்டு நாற்பது நிமிடம் பிரசங்கம் செய்தார். விலகியது கடல் இல்லை, நாம்தான் என்று திருத்த யாருக்கும் மனம் வரவில்லை.

பனிப்பிச்சைக்கு மாலை போட்டார்கள். "ஊருக்க தூண்டில் வளைவே இவன்தான்" என்று மேடையில் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்கள். அவனோ ஆறிலிருந்து எட்டுவரை அலைவாயில் நின்று ஊரைத் தள்ளிவிட்டு, அதன் பிறகு மீனுக்குப் போனான். திரும்பி வந்து கரையேற எஞ்சினை மெதுவாக்கும்போது அது மறுபடி இருமி, கரை மறுபடி ஆறங்குலம் ஒன்பதங்குலமாக விலகும். அவன் துரத்துவான். அது விலகும். எல்லோருடைய மீனும் ஏலம் போன பிறகு அவன் மீன் வந்து சேரும். அவனோடு வள்ளத்தில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேரும் வேறு வள்ளம் பார்த்துக்கொண்டார்கள். போகும்போது அவர்களும் அவனுக்கு மாலை போட்டார்கள்.

அவன் மனைவி கொரற்றி மட்டும் தினமும் மீன்கூடையோடு கரையில் நின்று, அலைக்குள் அவன் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பட்டறைக்கு வந்து, "கோளாறு தெரிஞ்சுதா அண்ணே?" என்பாள். எரோணிமூஸ் வேறு ஏதாவது எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "பாத்துக்கிட்டிருக்கேன் மக்கா" என்பார். சொல்லும்போதெல்லாம் சட்டைப் பையில் அந்தத் தகடு ஒரு ராத்தல் கனம் கனத்தது. சட்டையை மாற்றும்போது தகட்டையும் மறக்காமல் மாற்றிப் போட்டுக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் எஞ்சின் இருமி, ஒரு துடிப்பை விழுங்கி, அடுத்ததையும் விழுங்கி, நின்றுபோனது. வள்ளம் குறுக்கே திரும்பியது. அலை அதைப் புரட்டிப் போட்டதில் பனிப்பிச்சையின் விலாவில் இரண்டு எலும்பு போனது. கரையில் நின்றவர்கள் பாய்ந்து இழுத்துப் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் ஆளையும், ஐந்து பேர் எஞ்சினையும் பிடித்திருந்தார்கள்.

பேரவை முழுவதும் ஆப்பிளோடும் ஹார்லிக்ஸோடும் ஆஸ்பத்திரிக்கு வந்தது. "ஒண்ணும் பயப்படாத மக்கா, ஊரே ஒனக்காக ஜெபமாலை சொல்லுகு" என்றார் வென்சஸ்லாஸ். பிறகு குரலைத் தாழ்த்தி, "டாக்டரு எந்தக் கெழமை எறங்கலாம்னாரு? இன்னைக்கு மட்டும் கடலு ரெண்டடி உள்ள வந்துட்டு, பாத்துக்க" என்றார்.

பனிப்பிச்சை மூச்சு விடவே கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தான். "சொல்லல்ல" என்றான்.

அவர்கள் போன பிறகு, கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்த எரோணிமூஸ், சட்டைப் பையிலிருந்து தகட்டை எடுத்துத் தங்கையின் உள்ளங்கையில் வைத்தார். "ரெண்டாம் நாளே தெரியும் மக்கா. இதுதான். இருபது நிமிசம்."

கொரற்றி தகட்டைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். "ஊரப் பயந்தியா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினார். கல்யாணம் காட்சிக்குப் பெரிய மனுஷனாக முன்வரிசையில் உட்காரும் ஐம்பத்திரண்டு வயது ஆள், தங்கைக்கு முன்னால் குழந்தை மாதிரி அழுதார்.

அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டு அவள் சொன்னாள்: "ஒன்னைப் போல ஊரும் பயப்படணும். மணலு ஊருக்குத்தான? அப்ப ஊருல்லா தள்ளணும். வீட்டுக்கு ஒரு நாள். பேரவையில இருந்து தொடங்கட்டு."

"ஒத்துக்கிடமாட்டானுவ."

"யாரு கேக்கப் போறா அவங்கள? கோயில் மைக்கு செட்டை ரிப்பேர் பாக்கியது யாரு?"

மறுநாள் காலை, மைக் செட்டில் இரைச்சல் வருகிறது என்று சாமியாரிடம் சாவி வாங்கிக்கொண்டு போன எரோணிமூஸ், தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "அன்பார்ந்த பங்குமக்களின் கனிவான கவனத்திற்கு. இறைவன் ஊருக்குத் தந்த கொடையை ஒரே குடும்பம் அனுபவிப்பது முறையல்ல என்று நமது பேரவை பெருந்தன்மையோடு முடிவு செய்திருப்பதால், திங்கள்கிழமை முதல் எஞ்சினை ஓட்டும் பாக்கியம் வீட்டுக்கு ஒருவருக்கு வழங்கப்படுகிறது. வழிகாட்டியாக முதல் நாள் துணைத்தலைவர் வென்சஸ்லாஸ் அவர்கள், இரண்டாம் நாள் செயலர், மூன்றாம் நாள் பொருளாளர்…"

தாங்கள் எடுக்காத முடிவைப் பேரவையினர் பல் தேய்த்துக்கொண்டே கேட்டார்கள். ஆனால் மிக்கேல்துறையில் ஒலிபெருக்கியில் வந்தது நடந்ததுதான். அதற்குள் வீதியில் வென்சஸ்லாஸின் கையைப் பிடித்து நாலு பேர் பாராட்டிவிட்டார்கள். ஒருவர் மாலையோடு வந்தார்.

திங்கள்கிழமை வென்சஸ்லாஸுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. அவர் கடலில் இறங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடல் மூன்றடி உள்ளே வந்தது. செவ்வாய்க்கிழமை செயலருடைய மாமியாருக்கு நினைவுப் பூசை இருந்தது. அந்த மாமியார் இறந்த தேதி எப்போது ஆடியிலிருந்து பங்குனிக்கு மாறியது என்று ஊர்ப் பெண்கள் குழாயடியில் ஆராய்ந்தார்கள். கடல் இன்னும் நாலடி வந்தது. புதன்கிழமை பொருளாளர் உண்மையிலேயே வந்தார். அந்தோனியாரின் படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வள்ளத்தில் ஏறி, கயிற்றை இழுத்தார். எஞ்சின் இருமியது. கரை மெல்ல விலகியதை, ஊரே தன்னை விட்டுவிட்டுப் பின்வாங்கிப் போவதை, அவர் அன்றுதான் வள்ளத்தில் இருந்து பார்த்தார். வாழ்த்துப் பாட வந்திருந்த பாடகர் குழு, கையசைத்தபடியே, மனைவி மக்களோடு அப்பால் போய்க்கொண்டிருந்தது. "ஏய், நில்லுங்கடே! எல்லாரும் எங்க போறீங்க?" என்று அலறிக்கொண்டு அவர் இடுப்பளவு தண்ணீரில் குதித்தார்.

"நாங்க எங்கயும் போகல்ல, இஞ்சதான் நிக்கோம்" என்றார்கள் கரையில் நின்றவர்கள். அவர்களைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

வியாழக்கிழமை அலை அடிக்கல்லைத் தொட்டது. வெள்ளிக்கிழமை முறை சாமியாருடையது என்று யாரோ கிளப்பிவிட, அவர் தன் மேலதிகாரியான மேற்றிராணியாரைப் பார்க்க அவசரமாக முதல் பஸ்ஸுக்கே மரச்சீனி விளையில் போய் நின்றார். அன்று மாலை பேரவை கூடியது. மூன்று தெரு கடலுக்குள் போனபோது முடிவெடுக்க ஏழு வருஷம் எடுத்துக்கொண்ட பேரவை, பதினொரு நிமிடத்தில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அது மறுநாள் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது: "பங்குமக்களின் உயிருக்கு ஆபத்தான எஞ்சின் கோளாறை நாற்பது நாளுக்கு மேலாகச் சரிசெய்யாமல் அசட்டையாக இருந்த மெக்கானிக் எரோணிமூஸ் அவர்களுக்கு இப்பேரவை கடும் கண்டனத்தைத் தெரிவிப்பதோடு, இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பழுது நீக்கப்படாவிட்டால் அவர் ஊர்விலக்கு செய்யப்படுவார் என்றும் எச்சரிக்கிறது."

எரோணிமூஸ் சிரித்தார். பிறகு யோசித்துப் பார்த்ததில், காரணம் தப்பாக இருந்தாலும் கண்டனம் சரியானதுதான் என்று பட்டது. ஸ்பானரை எடுத்தார். கொரற்றி தகட்டைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இருபது நிமிடமும் அங்கேயே நின்றாள். டிரம்மில் மாட்டிக் கயிற்றை இழுத்தார். இரண்டாம் இழுப்பில் பிடித்தது. மெல்லக் குறைத்தார், இன்னும் குறைத்தார். எஞ்சின் ஒரு துடிப்பையும் விழுங்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. பட்டறை அசையவில்லை.

கடல் அவசரப்படாமல் திரும்பி வந்தது. ஒரு மாதத்தில் அடிக்கல்லை எடுத்துக்கொண்டது. அரசுப் பலகையைப் பிடுங்கி இரண்டு ஊருக்கு அப்பால் கொண்டுபோய்ப் போட்டது. மணலுக்குப் பெயர் வைக்கச் சண்டை போட்டவர்கள் பேச்சு வார்த்தை இல்லாமலே இருந்தார்கள். ஊரில் பாதிப் பேர் எரோணிமூஸால்தான் மணல் போயிற்று என்றார்கள். மீதிப் பேர் பனிப்பிச்சையால் என்றார்கள், இரண்டு எலும்புக்கு இப்படிப் படுப்பானா என்று.

விலா கூடி, பனிப்பிச்சை மறுபடி கடலுக்குப் போனான். கரையைத் தள்ள நிற்காமல், நேரே மீனுக்குப் போனான். எரோணிமூஸ் அன்று பட்டறையைத் திறக்காமல் தங்கையோடு கரையில் நின்றார். பத்து மணிக்கு வள்ளம் தெரிந்தது. அலை உடைகிற இடத்தில் எஞ்சினை மெதுவாக்கி, சந்து பார்த்து நின்று, இரண்டு அலையை விட்டு மூன்றாம் அலையோடு உள்ளே வந்தான். எஞ்சின் சத்தத்தை எரோணிமூஸ் மூச்சை அடக்கிக் கேட்டார். வள்ளம் மணலில் முட்டியது.

பனிப்பிச்சை உடனே இறங்கவில்லை. துடுப்பை எடுத்துக் கரை மணலை ஒருமுறை குத்திப் பார்த்தான். மறுபடியும் குத்தினான். பிறகு, கணுக்கால் தண்ணீரில் கூடையோடு நின்ற மனைவியை வெகுநேரம் பார்த்தான்.

"நீ காலைல நின்ன எடத்துலயே நிக்க" என்றான்.

"நான் எப்பவும் இஞ்சதான் நின்னேன்" என்றாள் கொரற்றி. "ஊருதான் நவுந்தது."